காந்த மூடி

அண்ணியின் இடது காதில் விளக்கு எரிந்தது. வலது காதில் எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணன் வீட்டுக் கூடத்தில் டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சோபாவில் காலை நீட்டியிருந்தான், அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏதோ அலுவலகக் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்திருந்ததைக் கவனித்தது கம்மல்காரி மட்டும்தான். பிள்ளையின் முகவாட்டம் பெற்றவளுக்குத்தானே முதலில் தெரியும். அந்தக் கம்மல்களைச் செய்தவள் அவள்.

கம்மல் என்றால் தங்கமும் இல்லை, கல்லும் இல்லை. கம்ப்யூட்டர் கீபோர்டின் பொத்தான். ராத்திரியெல்லாம் விளையாடுகிறவர்கள் வாங்குவார்களே, எழுத்துகள் ஒளிரும் கீபோர்டு, அதிலிருந்து பிடுங்கியது. அவள் வீட்டுக்காரர் லாப்டாப் ரிப்பேர் செய்கிறவர், ஊரே அவரை மெக்கானிக் என்றுதான் கூப்பிடும். காபி கொட்டிச் செத்துப்போன கீபோர்டுகள் அவர் கடையில் மலையாகக் கிடக்கும். பொத்தானைக் கழற்றித் திருப்பினால் உள்ளே குட்டிக் கிண்ணம் போலக் குழிவாக இருக்கும். அதற்குள் கடுகளவு நீல விளக்கு, விளக்குக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி, பின்பக்கம் பச்சை சர்க்யூட் போர்டிலிருந்து அறுத்தெடுத்த மூடி, மேலே ஒரு கொக்கி. மாட்டிக்கொண்டு நடந்தால் கன்னத்தோரம் எழுத்து மினுமினுக்கும். சிலர் தங்கள் பெயரின் முதலெழுத்தைக் கேட்பார்கள். எஸ்கேப் பொத்தானுக்குத்தான் ஏகக் கிராக்கி. அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் எங்கேயாவது தப்பித்து ஓடவேண்டும் என்றுதானே ஆசை. அண்ணியினுடையது பவர் பொத்தான், வட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு.

"வலது பக்கம் அணைஞ்சிருக்கு அண்ணி. குடுங்க, பாக்கறேன்."

"அணைஞ்சிடுச்சா? இவன் விட்டாத்தானே." அண்ணி குழந்தையின் மூக்கைக் கிள்ளினாள். "காலையிலேர்ந்து இதுதான் இவனுக்கு விளையாட்டு. இழுக்கறது, வாயில வைக்கறது, சப்பறது. காதே அறுந்துடும்போல இருக்கு."

பத்து மாதக் குழந்தை. புல்டோசர் என்று பெயர் வைத்திருந்தான் அண்ணன். எதிரில் இருப்பது செருப்போ செய்தித்தாளோ, தள்ளிக்கொண்டு தவழ்ந்துபோய்க் கடைசியில் வாயில் போட்டுப் பார்த்துவிடுவான்.

அண்ணி கழற்றிக் கொடுத்ததைக் கம்மல்காரி உள்ளங்கையில் வாங்கினாள். ஈரமாக இருந்தது. எச்சில். திருப்பினாள். பின்மூடி இல்லை. உள்ளே நீல விளக்கின் இரண்டு கம்பிக் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

பேட்டரி இல்லை.



அந்த மூடியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஆரம்பத்தில் அவள் ஸ்க்ரூதான் போட்டாள், லாப்டாப்பின் அடியில் இருக்குமே, அரிசிக் குருணை மாதிரி, அது. அக்கம்பக்கத்தில் வாங்கின நாலைந்து பேரும் முணுமுணுத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் மாற்ற ஸ்க்ரூடிரைவருக்கு எங்கே போவது? மாற்றும்போது ஸ்க்ரூ கீழே விழுந்தால் பெருமாள் கோயில் உண்டியலில் விழுந்த மாதிரி, திரும்பி வராது. அதுவும் போக, பின்னால் ஸ்க்ரூ தெரிந்தது அவள் கண்ணையே உறுத்தியது. அப்புறம் ஒருநாள் உடைந்த லாப்டாப் ஒன்றின் மூடியிலிருந்து குட்டிக் காந்தங்கள் உதிர்ந்தன. மூடியை ஒட்டிப் பிடித்துக்கொள்வதற்காக வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்துக் கம்மல் மூடியின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டினாள். பேட்டரியின் ஓடு எஃகு, காந்தம் அதைக் கவ்விக்கொண்டது. பொத்தானின் விளிம்பில் ஒரு துண்டு எஃகுத் தகடு வைத்தாள், அதையும் கவ்விக்கொண்டது. "டிக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே அவள் சொக்கிப்போனாள். ஒன்றுமில்லாமல் நாலைந்து தரம் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள்.

மெக்கானிக் அதை வாங்கி நகத்தால் ஒரு நெம்பு நெம்பினார். திறந்துகொண்டது.

"என் நகத்துக்குத் திறக்குதுன்னா யார் நகத்துக்கும் திறக்கும். ஸ்க்ரூவே போடு."

"கம்மல் என்ன லாப்டாப்பா, ஸ்க்ரூ போட?"

"குழந்தை இருக்கற வீட்டுக்கும் போகும்ல?"

"காதுல மாட்டறதுங்க இது. கால்ல போட்டு மிதிக்கறதில்ல."

அவர் அதற்குமேல் பேசவில்லை. பேசத் தெரிந்தவர்களிடம் பேசாதவர்கள் தோற்பது உலக வழக்கம். அவள் ஜெயித்தாள், நல்ல ஜெயிப்பு! அதற்குப் பிறகு செய்த கம்மல்களுக்கெல்லாம் காந்த மூடிதான். அவற்றில் முதல் ஜோடி அண்ணிக்குப் போனது.

அண்ணிக்குக் கொடுத்ததற்கும் காரணம் இருந்தது. புல்டோசர் பிறந்த புதிதில் இவள் சளியோடு போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தாள். இரண்டு நாளில் குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி, அமர்க்களம். உறவுக்காரர்கள் அத்தனை பேர் நடுவில் அண்ணி, "எல்லாம் இவ கை பட்டதிலேர்ந்துதான்" என்று சொல்லிவிட்டாள். சொன்னது சுட்டது. அன்றிலிருந்து இவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மாதக்கணக்கில் முறைப்பு. கடைசியில் அண்ணன் கையில் இந்தக் கம்மலைக் கொடுத்தனுப்பினாள். அண்ணி அதை மாட்டிக்கொண்டு அலுவலகம் போக, அங்கே பெண்கள் மொய்த்துவிட்டார்கள். "எனக்கொண்ணு, எனக்கொண்ணு." அதற்கப்புறம் வந்த ஆர்டர் எல்லாம் அண்ணி பிடித்ததுதான். கம்மல்காரி என்ற பெயரும் அங்கே பிறந்ததுதான். இன்றைக்குத்தான் வீட்டுக்கு அழைப்பு. கதவைத் திறந்ததும் அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைத் தூக்கி இவள் கையில் கொடுத்தாள். இவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அந்த அண்ணியிடம் என்னவென்று சொல்வது?

"என்ன, சரியாயிடுமா?" என்றாள் அண்ணி.

"ஆயிடும் அண்ணி. மூடி எங்கயோ விழுந்திருக்கு. தேடறேன்."

மூடி என்றாள். பேட்டரி என்று சொல்ல நாக்கு எழவில்லை. கீழேதான் கிடக்கும், எடுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று ஒரு நப்பாசை. மண்டியிட்டாள். கம்பளத்தைக் கையால் தடவித் தடவிப் போனாள். டிவி மேஜைக்கு அடியில் போன் வெளிச்சம் அடித்தாள். விளையாட்டுக் கார் ஒன்று, காய்ந்த பிஸ்கட், ஒற்றைக் காலுறை. குழந்தையைக் கீழே விட்டதும் அவனும் அத்தைக்குப் போட்டியாகத் தவழ ஆரம்பித்தான்.

"ரெண்டு புல்டோசர்!" என்று அண்ணன் கைதட்டிச் சிரித்தான். "வீட்டுக்கு நல்ல துப்புரவு."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழந்தையைப் பார்த்தாள். மோவாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்து சட்டையை நனைத்திருந்தது. பல் முளைக்கிற குழந்தைக்கு வழியாதா என்ன? தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு தரம் இருமினான். குழந்தைகள் இருமுவதில்லையா? அதையும் சொல்லிக்கொண்டாள். மனசு வக்கீல் மாதிரி வாதாடியது.

சோபாவின் அடியில், சுவரோரமாக, பச்சையாக ஏதோ தெரிந்தது.

மூடி! பாதி உடம்பை உள்ளே நுழைத்து விரல்நுனியால் இழுத்தெடுத்தாள். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. மூடி கிடைத்தால் பேட்டரியும் கிடைத்த மாதிரிதான், இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதுதானே காந்தத்தின் பெருமை.

திருப்பினாள். காந்தம் இருந்தது. காந்தத்தின் மேல் எதுவும் இல்லை.

கீழே விழுந்து தெறித்திருக்கும் என்று வேறு யாராவது நினைக்கலாம். அவள் நினைக்க முடியாது. எத்தனை மூடிகளை அவளே மேஜையிலிருந்து தவறவிட்டிருக்கிறாள்! தரையில் மோதினாலும், உருண்டாலும், மிதிபட்டாலும் பேட்டரி காந்தத்தை விடாது. பிடித்துத் தேய்த்துத் தள்ளினால்தான் நகரும். நாக்கும் ஈறும் வைத்து ஒருவன் நிதானமாகச் சப்பினால் நகரும்.

சோபாவுக்கு அடியிலிருந்து அவள் வெளியே வந்தபோது அண்ணி பால் புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு வாய் உறிஞ்சினான். முகம் சுருங்கியது. ஓங்கரித்து அத்தனையையும் வெளியே தள்ளிவிட்டான்.

"என்னடா, பால் கூட வேணாமா?" அண்ணி மறுபடி புட்டியைக் கொண்டுபோனாள்.

"குடுக்காதீங்க அண்ணி!"

கத்திவிட்டாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்தான்.

"எதுவும் குடுக்காதீங்க. கம்மல்ல பேட்டரி இருந்தது. இப்ப இல்ல. இவன் முழுங்கியிருக்கான்."

 அண்ணி குழந்தையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், இவள் கையில் இருந்த மூடியைப் பார்த்தாள்.

"சும்மா பயமுறுத்தாத," என்றான் அண்ணன். "கீழதான் கிடக்கும். அப்படியே முழுங்கினாலும் என்ன, நானும்தான் சின்ன வயசுல காசை முழுங்கினேன். மறுநாளே வந்துடுச்சு. அம்மா எத்தனை தரம் சொல்லியிருக்காங்க?"

"காசு சும்மா இருக்கும்ணா. பேட்டரி சும்மா இருக்காது. ஈரம் பட்டா உள்ள வேலை செய்யும். தொண்டையில சிக்கினா எரிச்சு ஓட்டை போட்டுடும். ரெண்டு மணி நேரம் போதும். கார் சாவி எங்க?"

"நீ எப்படி அவ்ளோ நிச்சயமா..."

"செஞ்சது நான்ணா! எனக்குத் தெரியாதா?"

அந்தக் குரலுக்கு அண்ணன் எழுந்துவிட்டான். அண்ணி அதற்குள் வாசலுக்குப் போயிருந்தாள், செருப்புக்கூடப் போடவில்லை.

காரில் அவள் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். இரண்டே வரியில் சொல்லி முடித்தாள்.  'சொன்னேனே' என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"பக்கத்து கிளினிக் வேணாம், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதே பேட்டரியோட பாக்கெட் எடுத்துட்டு நான் வர்றேன்," என்றார். வைத்துவிட்டார்.

ஒவ்வொரு சிக்னலும் சிவப்பாக இருந்தது. அண்ணன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். பின்சீட்டில் அண்ணி குழந்தையை நிமிர்த்தி மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். கம்மல்காரி கை நீட்டி வழிந்த எச்சிலைத் துடைக்கப் போனாள். அண்ணி குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபமாகக்கூடத் திருப்பவில்லை, அடுப்பிலிருந்து பிள்ளையை விலக்குவது மாதிரி. அண்ணியின் இடது காதில் இன்னும் பவர் பொத்தான் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பதிவுக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"என்ன பிரச்சினை?"

"குழந்தை கம்மலை முழுங்கிட்டான்," என்றான் அண்ணன்.

"மூச்சு விடறானா?"

"விடறான்."

தட்டினார். ஒரு சீட்டு வந்தது. "உட்காருங்க. கூப்பிடுவாங்க."

உட்கார்ந்தார்கள். எதிரே கட்டுப் போட்ட கால்களும் இருமல்களுமாக நீண்ட வரிசை. அண்ணன் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தான். கம்மல்காரி அவன் கையிலிருந்து அதை வாங்கிப் படித்தாள். 'நகை விழுங்கியது' என்று இருந்தது. நகைக்கு என்ன அவசரம், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே. அவள் எழுந்து நேராகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். வரிசையில் நின்றவர் "ஏம்மா, நாங்க மனுஷங்க இல்லையா?" என்றார். அவள் காதில் விழவில்லை.

"சார், கம்மல் இல்ல. பேட்டரி."

"கம்மல்னு சொன்னாங்களே?"

"கம்மலுக்குள்ள பேட்டரி. வட்டப் பேட்டரி. நான்தான் செஞ்சேன், நான்தான் உள்ள வெச்சேன்!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பதிவுக்காரருக்குப் பின்னால் ஏதோ எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள். "எங்க குழந்தை?" என்றாள். அண்ணி காட்டுவதற்குள் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அதற்கப்புறம் யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரி. திரையில் குழந்தையின் எலும்புக்கூடு மீன் முள் போலத் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே, நெஞ்சு தொடங்குமிடத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

"காசா இருக்குமா டாக்டர்?" அண்ணன் இன்னும் காசை விடவில்லை.

"காசுன்னா ஒரே வட்டம்தான் தெரியும். இதுல பாருங்க, வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம். பேட்டரிதான். உடனே எடுக்கணும்."

மெக்கானிக் மூச்சிரைக்க வந்து பிரிக்காத பாக்கெட்டை நீட்டினார். டாக்டர் அதன் எண்ணைப் படித்தாள். அட்டையின் மூலையில் ஒரு குழந்தைப் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. கம்மல்காரி வாரத்துக்கு ஒரு கைப்பிடி இந்த அட்டைகளைக் கிழித்துக் குப்பையில் போடுகிறவள். அந்தப் படத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"எப்ப முழுங்கினான்?" என்று கேட்டாள் டாக்டர். "தோராயமாச் சொன்னாலும் போதும். உள்ள எவ்ளோ வெந்திருக்கும்னு எனக்குத் தெரியணும்."

அண்ணி விழித்தாள். "காலையில குளிப்பாட்டறப்ப ரெண்டும் எரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் பாக்கல... நான் பாக்கவே இல்லயே..."

"நான் பாத்தேன்," என்றாள் கம்மல்காரி. "நான் போனப்ப அண்ணி கதவைத் திறந்தாங்க. ரெண்டும் எரிஞ்சுது. அது ஒரு மணிக்கு மேல. அதுக்கு அப்புறம்தான்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். "நல்லது. தெரிஞ்ச உடனே கிளம்பிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அண்ணனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான், அண்ணியும்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைகூட இல்லை, ஒரு தலையாட்டல் போதும்.

"இல்ல டாக்டர். எனக்குத் தெரிஞ்சும் கொஞ்ச நேரம் சொல்லல. கால் மணி இருக்கும். தரையில தேடிட்டு இருந்தேன்."

டாக்டர் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. அண்ணி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. நடைபாதையின் கோடியில் இருந்த நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, காதில் மிச்சமிருந்த பவர் பொத்தானைக் கழற்றித் தரையில் வைத்தாள். தூக்கி எறிந்திருந்தால்கூடத் தேவலை. அண்ணன் கதவுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

கம்மல்காரி அந்தக் கம்மலை எடுத்தாள். பழக்கதோஷம், விரல் தானாக மூடியை நெம்பியது. திறந்தது. விட்டாள். டிக். 

டிக் என்ற அந்தச் சத்தத்தோடு எல்லா முகங்களும் வந்து நின்றன. அண்ணி அலுவலகத்தில் எத்தனை பேர்! மேலாளர் அம்மாள் தன் பேத்தியை ஒரு விழாவுக்குத் தூக்கி வந்த போட்டோவில் கம்மலைப் போட்டிருந்தாள். வரவேற்பு மேஜையில் இருக்கிற பெண் எஸ்கேப் வாங்கினாள், அவளுக்குத் தவழ்கிற வயதில் மகள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். எல்லார் இடுப்பிலும் குழந்தை இருக்கும்.

அவர்களில் ஒருவர் நம்பரும் இவளிடம் இல்லை. எல்லாம் அண்ணி மூலமாகப் போனவை. நம்பர் இருப்பது அண்ணியின் போனில்.

மெக்கானிக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் அண்ணியைப் பார்த்தார். "இப்ப போய் எப்படிம்மா கேக்கறது? பையன் வெளிய வரட்டும். அப்புறம் கேளு."

நியாயமான பேச்சு. உலகத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளையை அறைக்குள் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளிடம் போய், என் கம்மலை வாங்கினவர்கள் நம்பர் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? ஆனால் மதியம் சோபாவுக்கு அடியிலும் அவள் இதையேதான் பார்த்தாள், அண்ணி முகத்தை. அந்த முகத்துக்குப் பயந்துதான் கால் மணி நேரம் போனது.

எழுந்தாள். நடைபாதை நீளமாக இருந்தது. அண்ணியின் முன்னால் போய்த் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணி. என்னை அப்புறம் என்ன வேணா சொல்லுங்க. உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்ததும் இதே மூடிதான். இப்பவே கழட்டச் சொல்லணும். நம்பர் வேணும்."

அண்ணி அவளைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. அந்தப் பார்வையில் அவள் எரிந்து போய்விடுவாள் என்றுதான் மெக்கானிக் நினைத்தார், பாதி எழுந்தும்விட்டார். அண்ணி கைப்பையைத் திறந்தாள். போனை எடுத்தாள். கம்மல்காரி கை நீட்டினாள்.

கொடுக்கவில்லை. தானே அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ மேடம், நான்தான். அந்தக் கம்மல் போட்டிருக்கீங்களா? கழட்டுங்க. இல்ல, பேசிக்கிட்டே கழட்டுங்க. பேத்தி எங்க? அவ கைக்கு எட்டாத இடத்துல வையிங்க. பூட்டி வையிங்க."

அடுத்தது. அதற்கடுத்தது. யார் வீட்டில் குழந்தை, யார் வீட்டில் அக்கா பிள்ளைகள் வந்து தங்கியிருக்கின்றன, எல்லாம் அண்ணிக்குத் தெரிந்திருந்தது. குழந்தை இருக்கிற வீடுகளைத்தான் முதலில் பிடித்தாள். குரல் உடையவில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் மட்டும் கதவைப் பார்த்தாள். கம்மல்காரி காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். வரவேற்புப் பெண் மட்டும் எடுக்கவே இல்லை. மணி அடித்து அடித்து நின்றது. அண்ணி மறுபடி அழுத்தினாள், மறுபடி.

எடுத்தாள். "ஏய், எங்கடி போன? அந்தக் கம்மலை..."

கதவு திறந்தது. டாக்டர்.

அண்ணி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சரிந்தது. போனைக் கம்மல்காரியின் கையில் திணித்தாள். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"கழட்டிட்டேன்னு சொல்ற வரைக்கும் வைக்காத."

சொல்லிவிட்டு ஓடினாள். அண்ணனும் ஓடினான். கம்மல்காரி போனோடு எழுந்து அங்கேயே நின்றாள், காது மட்டும் கதவுப் பக்கம் போனது. "எடுத்துட்டோம்..." என்று டாக்டர் சொல்வது கேட்டது. "லேசாத்தான் வெந்திருக்கு... இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா... சில நாள் இங்கயே இருக்கணும்..." மீதியை அண்ணனின் அழுகை மூடிவிட்டது. அவன் அப்படி அழுது அவள் பார்த்ததே இல்லை.

"ஹலோ? ஹலோ? யாரு பேசறது?" என்றது போன்.

"நான்... கம்மல் செய்யறவ."

"அட, நீங்களா! சொல்லுங்க சொல்லுங்க. எஸ்கேப் இப்பக்கூடப் போட்டிருக்கேன்."

"அதைக் கழட்டிடுங்க. இப்பவே. பின்னாடி மூடி சரியில்ல. உள்ள பேட்டரி இருக்கு."

"ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா? என் பொண்ணுக்கு இதுன்னா உயிர். இப்பக்கூடப் பாருங்க, பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கா. விட்டா முழுங்கிடுவா!" சிரிப்பு. "நாளைக்கு ஆபீஸ்ல அவங்ககிட்டயே குடுத்துடறேன், சரி பண்ணித் தாங்க."

 பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது உள்ளே, திறந்த கதவுக்கு அப்பால், புல்டோசருக்கு மயக்கம் தெளிந்திருக்க வேண்டும். அழுதான். அவன் வழக்கமாக அழுகிற அழுகை இல்லை அது. கரகரவென்று, மரத்தை அரத்தால் ராவுகிற மாதிரி ஒரு சத்தம்.

சிரிப்பு நின்றது. "அது என்னங்க சத்தம்?"

"எங்க அண்ணன் பையன்," என்றாள் கம்மல்காரி. "அதே பேட்டரியை முழுங்கிட்டான். தொண்டை வெந்துபோச்சு. இப்பதான் எடுத்தாங்க."

 அந்தப் பக்கம் ஏதோ உரசுகிற சத்தம். அப்புறம், ஆசையாகப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டால் ஒரு குழந்தை எப்படி வீறிடுமோ அப்படி ஒரு வீறிடல். நல்ல, கணீரென்ற அழுகை.

ஒரு காதில் அந்த அழுகையையும் மறு காதில் இந்த அழுகையையும் கேட்டுக்கொண்டு அவள் நின்றாள்.

"கழட்டிட்டேன்," என்றாள் அந்தப் பெண்.

அதற்கப்புறம்தான் கம்மல்காரி போனை வைத்தாள்.